இரவில் ஓடும் மீட்டர்

2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் மின் கணக்கெடுக்க வந்தவர், எங்கள் வீட்டு வெள்ளை அட்டையில் கட்டணத்துக்கான இடத்தில் சுழியம் எழுதிவிட்டுப் போனார். திருச்சியில் ஒரு கோடையையாவது கழித்தவர்களுக்கு அந்தச் சுழியத்தின் அருமை தெரியும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால், ஏப்ரல் பாதியிலிருந்தே மீட்டரை எட்டிப் பார்த்துப் பார்த்து, நடுநிசியில் எழுந்து ஏசியை அணைத்துவிட்டு வியர்வையோடு புரண்டு படுத்த கோடைகள் எங்களுக்குப் பல உண்டு. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் மொட்டை மாடியில் 3 கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகளைப் பொருத்தியிருந்தோம். மத்திய அரசு அப்போதுதான் தொடங்கியிருந்த சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் கிடைத்தது. அம்மா அந்த அட்டையை எதிர்வீட்டு அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினார். நானும் அலுவலகத்தில் நாலு பேரிடம் சொன்னேன்.

அன்று இரவு, எதையோ எடுக்க வாசற்பக்கம் போனபோது, மீட்டர் பெட்டியின் முன் சற்று நேரம் நின்றேன். சூரியத் தகடு வைத்த வீடுகளுக்கு இருவழி மீட்டர் பொருத்துகிறார்கள். மின்வாரியத்திடமிருந்து நாம் வாங்கியது எவ்வளவு, நாம் அவர்களுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று இரண்டையும் அது தனித்தனியே காட்டும். அந்த இரண்டு மாதங்களில் எங்கள் தகடுகள் 740 யூனிட் உற்பத்தி செய்திருந்தன. அதில் 430 யூனிட்டை வெளியே அனுப்பிவிட்டு, 310 யூனிட்டை நாங்களே பயன்படுத்தியிருந்தோம். வெளியிலிருந்து வாங்கியது 520 யூனிட். கொடுத்ததைக் கழித்தால் மிச்சம் 90. முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம் என்பதால் கட்டணம் சுழியம். கணக்கு சரிதான். ஆனால் நாங்கள் பயன்படுத்திய மொத்த மின்சாரம் 310-உம் 520-உம் சேர்ந்து 830 யூனிட். அதற்கு முந்தைய ஆண்டு இதே இரண்டு மாதங்களுக்கான அட்டைக் குறிப்பில் 460 என்று இருந்தது.

வீட்டில் ஆள் கூடவில்லை; வெயிலும் ஏறத்தாழ அதே வெயில்தான். சூரியத் தகடு வந்த பிறகு எங்கள் மின்நுகர்வு இரண்டு மடங்கை நெருங்கியிருந்தது.

எப்படி என்று யோசித்தபோது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இரவு பத்து மணிக்குப் போட்டு விடியற்காலை மூன்று மணிக்கு அணைத்துவந்த ஏசி, இப்போது ஒன்பது மணிக்குத் தொடங்கி ஏழு மணி வரை ஓடியது. மகனின் அறைக்குப் புதிதாக ஒரு ஏசி வாங்கியிருந்தோம். அதை அவன் 18 டிகிரியில் வைத்துவிட்டுக் கனத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கினான். வாசல் விளக்கும் மாடிப்படி விளக்கும் விடிய விடிய எரிந்தன. குளிக்கச் சூடு தேவையே இல்லாத மே மாதத்தில்கூட யாரோ ஒருவர் கீசரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவது வழக்கமாயிற்று. எதைக் கேட்டாலும் ‘நம்ம மின்சாரம்தானே’ என்பது வீட்டில் எல்லோருக்கும் ஒரு பதிலாகிவிட்டது. அந்தச் சொல்லை முதலில் சொன்னவன் நான்தான்.

அடுத்த வாரம் ஒரு நோட்டை வாங்கி மீட்டர் பெட்டியின் பக்கத்தில் தொங்கவிட்டேன். காலை ஆறு மணிக்கு ஒரு தடவையும் மாலை ஆறு மணிக்கு ஒரு தடவையும் இரண்டு எண்களையும் குறித்துவைப்பது என்று முடிவு செய்துகொண்டேன். இரண்டு வாரங்களிலேயே விஷயம் தெளிவாகிவிட்டது. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி மாலை ஆறிலிருந்து காலை ஆறுக்குள் வருகிறது. பகல் முழுக்கத் தகடுகள் உழைத்துத் தரும் மின்சாரத்தில் பாதிக்கு மேல், நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்ட ஆளில்லாத வீட்டைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. சூரியன் மறைந்த பிறகு நாங்கள் வீடு திரும்பி, எல்லாச் சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாகப் போடுகிறோம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வெளியே அனுப்பும் யூனிட் வீணாவதில்லை. அது அதே தெருவில் யாரோ ஒருவருடைய மின்விசிறியைச் சுற்றவைக்கிறது. அந்த அளவுக்குப் பகலில் வேறெங்கோ எரிய வேண்டிய எரிபொருள் மிச்சமாகிறது. ஆகவே தகடு வைத்ததில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை. கையில் பணமும் சொந்த மாடியும் உள்ளவர்கள் அவசியம் வைக்க வேண்டும் என்றே சொல்வேன். என் கவலை இரவைப் பற்றியது. மின் அட்டை ஒரு யூனிட்டை எந்த மணிக்கு வாங்கினோம் என்று கேட்பதில்லை. நண்பகல் 12 மணிக்குக் கொடுத்ததையும் இரவு 11 மணிக்கு வாங்கியதையும் ஒன்றாக வைத்துக் கழித்துவிடுகிறது. மின்நிலையத்தின் புகைபோக்கிக்கு அந்தக் கழித்தல் கணக்கு தெரியாது.

தமிழ்நாட்டுக்குக் காற்றாலையில் நீண்ட அனுபவம் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் சுழலும் காற்றாலைகளையும் சேர்த்து, மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்பூங்கா வந்தது. இவ்வளவு இருந்தும், 2024 மே மாதத் தொடக்கத்தில் மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியபோது, அந்தச் சுமையின் பெரும்பகுதியைத் தாங்கியவற்றில் அனல் மின்நிலையங்களும் வெளியிலிருந்து விலைக்கு வாங்கிய மின்சாரமும் முதன்மையானவை. தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெற்ற பிறகுதான் காற்றாலைகள் முழு மூச்சில் சுழலும். ஏப்ரல் மாதத்துப் புழுக்கமான இரவில் அவற்றை நம்பிவிட முடியாது. சூரியனோ ஆறரை மணிக்கெல்லாம் போய்விடும். ஏசிகளின் தேவை மட்டும் இரவு வெகுநேரம் வரை இறங்காமல் நிற்கும். அந்த இடைவெளியை வட சென்னையிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் எரியும் நிலக்கரியும், நெய்வேலியில் எரியும் பழுப்பு நிலக்கரியும் நிரப்புகின்றன. நாடு முழுவதற்குமாகப் பார்த்தாலும், இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது.

நாங்கள் அந்தக் கோடையில் வாங்கிய 520 யூனிட்டும் நிலக்கரியிலிருந்தே வந்தது என்று வைத்துக்கொண்டால், முந்நூறு கிலோவுக்கும் அதிகமான நிலக்கரி எங்கள் வீட்டுக்காக எரிந்திருக்கும். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகிலோ அதற்கு மேலோ சாம்பலாகவே மிஞ்சும். அப்படியானால் நூறு கிலோவை ஒட்டிய சாம்பல் எங்கள் பெயரில் எங்கோ கொட்டப்பட்டிருக்க வேண்டும். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் கழிமுகத்தில் அந்தச் சாம்பல் படிந்து, ஆழம் குறைந்து, இறாலும் மீனும் அருகிப்போய், வலை வீசிப் பிழைத்த மக்கள் வாழ்வாதாரத்தை இழந்து நிற்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் நேரில் பார்த்திருக்கிறேன். இடுப்பளவு நீரில் நின்ற ஒருவர் காலால் துழாவி, சாம்பல் கலந்த சேற்றைக் கைநிறைய அள்ளிக் காட்டினார். அன்று எனக்கு அது யாரோ செய்த குற்றமாகத்தான் தெரிந்தது. சுழியம் எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இரவில் மீட்டர் முன் நின்றபோதுதான், அந்தச் சேற்றுக்கும் என் மகனின் போர்வைக்கும் ஒரு கம்பி இணைப்பு இருப்பது உறைத்தது.

இப்படி நேர்வது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த விந்தையில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1865-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இதைக் கவனித்திருக்கிறார். ஜேம்ஸ் வாட் சீர்திருத்திய நீராவி எந்திரம், பழைய எந்திரங்களைவிட மிகக் குறைந்த நிலக்கரியில் அதே வேலையைச் செய்தது. ஆகவே பிரிட்டனின் நிலக்கரித் தேவை குறையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர்மாறு. நீராவி எந்திரத்தை ஓட்டுவது மலிவாகிவிட்டதால், அதுவரை அதை வைக்கக் கட்டுப்படியாகாத ஆலைகளெல்லாம் வைத்தன. மொத்தத்தில் எரிந்த நிலக்கரி பெருகியது. ஒரு பொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வழி கிடைத்ததும், அந்தச் சிக்கனமே கூடுதல் பயன்பாட்டுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. எல்லா இடத்திலும் சேமிப்பு முழுவதையும் இது விழுங்கிவிடுவதில்லை. சில இடங்களில் ஒரு பகுதியைத் தின்னும், சில இடங்களில் எங்கள் வீட்டில் தின்றதுபோல அதிகமாகவே தின்னும். எவ்வளவு தின்னும் என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. அதைக் கையாளுகிறவர்களின் பழக்கம் தீர்மானிக்கிறது.

எல்.இ.டி. விளக்குகளையே எடுத்துக்கொள்ளலாம். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் மலிவு விலையில் மக்களிடம் போய்ச் சேர்ந்தன. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட்டிலேயே தந்துவிடும் இந்த விளக்கு, நம் காலத்தில் நடந்த மிக நல்ல மாற்றங்களில் ஒன்று. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆயினும் எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு நடந்து பார்த்தால், முன்பு ஒரு குண்டு பல்பு எரிந்த முகப்பில் இப்போது ஆறு விளக்குகள் எரிகின்றன. மதில் சுவரின் மேலும் செடிகளின் அடியிலும் கூரை விளிம்பிலும் எரிகின்றன. ‘ஆளில்லாத அறையில யாருக்கு வெளிச்சம்?’ என்று அம்மா கேட்டுக்கொண்டே வந்து அணைத்துவிட்டுப் போகும் பழக்கம், குண்டு பல்பு காலத்தோடு மற்ற வீடுகளில் முடிந்துவிட்டது போலிருக்கிறது. எங்கள் வீட்டிலும் அவர் ஒருவர்தான் அதைத் தொடர்ந்து செய்துவந்தார். நாங்கள் அதை வயதானவர்களின் தொணதொணப்பு என்று கேட்டுக்கேட்டு விட்டுவிட்டிருந்தோம்.

நோட்டைக் காட்டி நான் வீட்டில் பேசியபோது, வழி சொன்னவரும் அம்மாதான். ‘கரண்டு கட்டு இருந்தப்ப எப்படிச் செஞ்சோமோ, அப்படிச் செஞ்சா ஆச்சு’ என்றார். 2012-ஐ அவர் சொன்னார். சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த ஆண்டை மறக்க முடியாது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல், சில நாள்களில் அதையும் தாண்டி, மின்சாரம் இருக்காது. எந்தெந்த மணிக்கு வரும், எந்தெந்த மணிக்குப் போகும் என்பது ஒவ்வொரு வீட்டிலும் மனப்பாடமாக இருந்தது. அந்தக் கால அட்டவணைப்படிதான் மோட்டார் போட்டோம், மாவு அரைத்தோம், துணி தேய்த்தோம், பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். லட்சக்கணக்கான குடும்பங்கள் தங்கள் வேலைகளின் நேரத்தைச் சில வாரங்களுக்குள் மாற்றிக்கொண்டன. மாறவே முடியாது என்று நாம் சொல்லும் பழக்கங்களை வேறு வழியில்லாமல் ஒருமுறை மாற்றிக் காட்டியிருக்கிறோம். அது கட்டாயத்தால் வந்த துன்பம்; அந்த நாள்கள் திரும்ப வேண்டும் என்று யாரும் விரும்ப மாட்டார்கள், நானும் விரும்பவில்லை. ஆனால் அன்று கற்றுக்கொண்ட கைப்பழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது: மின்சாரம் இருக்கும் நேரத்துக்கு ஏற்ப வேலையை நகர்த்துவது. இப்போது மின்வாரியத்தின் அட்டவணைக்குப் பதிலாகச் சூரியனின் அட்டவணை.

காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரைதான் தகடுகள் நன்றாக உழைக்கும். அந்த ஐந்து மணி நேரத்துக்குள் எதையெல்லாம் கொண்டுவர முடியும் என்று பார்த்தோம். மாலை ஆறு மணிக்கு ஓடிவந்த ஒரு குதிரைத் திறன் மோட்டாரைப் பதினோரு மணிக்கு மாற்றினோம். பகலில் வீட்டிலிருக்கும் அம்மா அதைப் போட்டு, தொட்டி நிறைந்ததும் அணைத்துவிடுகிறார். துவைக்கும் எந்திரத்தில் காலையிலேயே துணியைப் போட்டு, தானாக ஓடத் தொடங்கும் நேரத்தைப் பதினொன்றரைக்கு வைத்துவிட்டுப் போகிறோம். துணியும் வெயிலில் சீக்கிரம் காய்கிறது. அன்றாடம் அவசர அவசரமாக ஒவ்வொருவர் சட்டையைத் தேய்ப்பதை விட்டு, வாரத்துக்கு வேண்டிய துணியை ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மொத்தமாகத் தேய்த்துவைக்கிறோம். மின்சார ஸ்கூட்டர் வாங்கியபோது அதை இரவில் சொருகிவிட்டுத் தூங்குவதுதான் எல்லோருக்கும் வசதி. முழுதாக ஏற்ற மூன்று நான்கு யூனிட் ஆகும்; அதை நிலக்கரி மின்சாரத்தில் ஏற்றிவிட்டுப் புகையில்லா வண்டி என்று சொல்லிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. என் மனைவி அருகிலுள்ள பள்ளியில் ஆசிரியை. மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்துபோகிறவர். ஆகவே வண்டியை அவர் பெயருக்கு மாற்றிவிட்டு, நான் பேருந்துக்குத் திரும்பினேன். அவர் வந்து சாப்பிட்டுப் போகும் முக்கால் மணி நேரமும், சனி ஞாயிறுகளில் பகல் முழுதும் அது மின்னேற்றத்தில் இருக்கும்.

மாவரைப்பது அளவில் சிறியது. வீட்டுக் கிரைண்டர் ஒரு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்கூட ஆகாது. இருந்தாலும் அம்மா அதையும் பகலுக்கு மாற்றிவிட்டார். விடியற்காலையில் அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, நண்பகலில் அரைத்து, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் புளித்ததும் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறார். ஆட்டுக்கல் காலத்தில் தன் அம்மாவும் மத்தியான வேளையில்தான் ஆட்டுவார் என்று சொன்னார். கால் யூனிட் பெரிதில்லை என்று நான் சொன்னதற்கு, கால் யூனிட்டுக்காக நேரம் பார்க்கிறவள் ஏசிக்கு நேரம் பார்க்காமல் இருக்க மாட்டாள் என்று பதில் வந்தது. பழக்கத்தைப் பற்றி அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

ஏசிதான் கடினமாக இருந்தது. அதைப் பகலுக்கு நகர்த்த முடியாது, தூக்கம் இரவில்தான். 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற வீட்டு ஏசிகள் அனைத்தும் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று எரிசக்தித் திறன் வாரியம் விதித்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது அந்த வாரியம் சொல்லும் கணக்கு. ஆனால் 24-இல் தொடங்குவதை 18-க்கு இறக்க விரல் நுனி போதும். 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று மகன் நம்பினான். பலரும் அப்படி நம்புகிறார்கள். சாதாரண ஏசியின் அமுக்கி (கம்ப்ரசர்), எந்த எண்ணை வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் அறையைக் குளிர்விக்கும். எண் குறைந்தால் வெகுநேரம் ஓடும், அவ்வளவுதான். இன்வெர்ட்டர் ஏசியிலும் அறை முதலில் சூடாக இருக்கும்போது பெரிய வேறுபாடு இராது. அவனிடம் உபதேசம் செய்வதை விட்டு, ஒரு வாரம் 27 டிகிரியில் வைத்து, மேலே 30 வாட்டில் சுற்றும் புதுவகை மின்விசிறியையும் ஓடவிட்டுப் படுத்துப்பார், பிடிக்காவிட்டால் பழையபடியே வைத்துக்கொள் என்றேன். மூன்றாம் நாள் போர்வையை மடித்து அலமாரியில் வைத்தான். பிறகு மிகவும் புழுங்கிய இரவுகளில் இரண்டு ஏசிகளை ஓட்டுவதற்குப் பதிலாக எல்லோரும் ஒரே அறையில் படுத்துக்கொள்வது என்று முடிவானது. முதலில் மகனுக்குச் சங்கடம்; நாளடைவில் தூங்குவதற்கு முன் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பது எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஏசியில் இன்னொன்றும் உண்டு. ஆண்டுதோறும் ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்று சொல்லி ஏற்றிக்கொள்வதை நாம் எண்ணெய் மாற்றுவதுபோல நினைக்கிறோம். அந்த வாயு செலவாகித் தீர்வதில்லை. எங்கோ கசிந்தால்தான் குறையும். பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 வாயு கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 1,800 மடங்கும், இப்போது வரும் ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கும் புவியைச் சூடாக்கக்கூடியவை. கசிவை அடைக்காமல் மேலும் மேலும் ஏற்றச் சொல்வது நம் பழக்கம். அடைத்துவிட்டு ஏற்றுங்கள் என்று சொல்ல வேண்டியவரும் நாமே.

2025 கோடையின் கணக்கு இது. அதே ஏப்ரல், மே. தகடுகள் தந்தது 730 யூனிட், நாங்கள் நேரடியாகப் பயன்படுத்தியது 360, வெளியே அனுப்பியது 370, வாங்கியது 260. மொத்தப் பயன்பாடு 620. தகடு வைப்பதற்கு முந்தைய 460-க்கு நாங்கள் இன்னும் திரும்பவில்லை. ஸ்கூட்டர் ஒரு காரணம், முன்பு வியர்த்துக்கொண்டு படுத்த இரவுகளில் இப்போது நன்றாகத் தூங்குகிறோம் என்பது மற்றொன்று. அந்தத் தூக்கத்தை நான் குறையாகக் கருதவில்லை. ஆனால் வாங்கும் மின்சாரம் 520-இலிருந்து 260-ஆகப் பாதியாகிவிட்டது. வெளியே அனுப்பியதில் குறைந்ததையும் கழித்துவிட்டால், மின்நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் மின்தொகுப்புக்கு எங்களால் குறைந்த சுமை 200 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று அதிகமான கரியமில வாயு வெளியாகிறது. அதன்படி இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 140 கிலோ. இதற்காக ஒரு ரூபாய்க்குக்கூடப் புதிய தகடு வாங்கவில்லை. மின் அட்டையில் இம்முறையும் அதே சுழியம்தான் இருந்தது. இரண்டு சுழியங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த நோட்டில் மட்டும் இருக்கிறது.

இதனால்தான் கட்டணத்தை நேரத்தோடு இணைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2023-இல் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் விதிகள், சூரிய ஒளி உள்ள நேரத்தில் கட்டணத்தைக் குறைத்தும் உச்ச நேரத்தில் கூட்டியும் வைக்கச் சொல்கின்றன. மின்சாரக் கட்டணம் என்றாலே அச்சப்படும் எளிய குடும்பங்களைப் பாதிக்காமல் அதைச் செய்ய முடிந்தால், எங்கள் நோட்டு செய்த வேலையை ஒவ்வொரு வீட்டு மீட்டரும் செய்யும்.

கருவியை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்ததன் விளைவைத் தமிழ்நாடு நீர் விஷயத்தில் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, மாநிலம் முழுவதும் மாடிக் குழாய்கள் மண்ணை நோக்கித் திருப்பப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் சென்னையின் பல பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. பிறகு அந்தக் குழிகளை யாரும் திறந்து பார்க்கவில்லை. மணலும் கூழாங்கல்லும் சேறேறி அடைத்துக்கொண்டன, பல வீடுகளில் அவற்றின் மேலேயே தளம் போட்டுவிட்டார்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மழை பொய்த்ததும், நீர்நிலைகள் ஆக்கிரமிக்கப்பட்டதும் பெரிய காரணங்கள். குழிகளைத் தூர்வாரும் பழக்கம் வீடுகளில் இருந்திருந்தால் அந்தக் கோடை சற்றுத் தணிந்திருக்கும் என்பதும் உண்மை. எங்கள் தகடுகளிலும் தூசி படிகிறது. மாதம் இருமுறை, வெயில் ஏறுவதற்கு முன், ஒரு வாளித் தண்ணீரும் மென்துணியுமாக நான் மாடிக்குப் போகிறேன்.

இதையெல்லாம் நண்பர்களிடம் சொல்லும்போது ஒரு மறுப்பு தவறாமல் வரும். பெரு நிறுவனங்களும் அரசுகளும் செய்ய வேண்டியதைத் தனிமனிதன் தலையில் கட்டுவது ஏமாற்று வேலை என்பார்கள். இந்த ஐயத்துக்கு இடமிருக்கிறது. தனிநபரின் கார்பன் தடத்தை, அதாவது ஒருவருடைய வாழ்க்கைமுறையால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவை, கணக்கிட்டுப் பாருங்கள் என்று 2004-இல் இணையத்தில் ஒரு கருவியை வைத்து, அந்தச் சொல்லை உலகெங்கும் பரப்பியது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். எண்ணெய் தோண்டி விற்பவர் நம் சமையலறையைச் சுட்டிக்காட்டும்போது எச்சரிக்கையாக இருக்கத்தான் வேண்டும். நிலக்கரி நிலையத்தை மூடுவதும், மின்தேக்கக் கலன்களை நிறுவுவதும், பேருந்துகளைக் கூடுதலாக விடுவதும் என் நோட்டால் ஆகிற காரியங்கள் அல்ல; அவற்றை ஆள்வோரிடம் உரத்துக் கேட்க வேண்டும், நானும் கேட்கிறேன்.

ஆனால் அந்த மறுப்போடு நின்றுவிட முடியவில்லை. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2022-இல் வெளியிட்ட அறிக்கை, நுகர்வோர் பக்கத்தில் செய்யப்படும் மாற்றங்களால், வீடு, போக்குவரத்து, உணவு முதலிய துறைகளின் உமிழ்வை 2050-க்குள் 40 முதல் 70 விழுக்காடு வரை குறைக்கும் வாய்ப்புண்டு என்று மதிப்பிட்டிருக்கிறது. அரசின் கொள்கையும் உள்கட்டமைப்பும் தொழில்நுட்பமும் துணைநின்றால்தான் அது நடக்கும் என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. பேருந்து வந்தாலும் ஏறுகிறவர் வேண்டும். தகடு வந்தாலும் சூரியன் இருக்கும்போது மோட்டார் போடுகிறவர் வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்கும் மட்டும் உள்ள வீட்டில் போய் யாரும் சிக்கனம் பேசக் கூடாது. அவர்களுக்கு இன்னும் அதிக மின்சாரம் சேர வேண்டும். மாடியும் ஏசியும் ஸ்கூட்டரும் உள்ள எங்களைப் போன்றவர்களிடம்தான் இந்தப் பேச்சு செல்லும். தகடு வைக்கும் வசதி படைத்தவர்கள்தாம் அதிகமாகச் செலவழிக்கும் வசதியும் படைத்தவர்கள். பசுமைக் கருவிகள் முதலில் வந்து சேரும் வீடுகளில்தான் பழக்கம் மிகவும் தேவைப்படுகிறது.

நவம்பரில் தொடர்ந்து நான்கு நாள்கள் வானம் மூடியிருந்தது. நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் தரும் தகடுகள் மூன்று யூனிட் தருவதற்கே திணறின. துவைக்க வேண்டிய துணி கூடையில் ஏறிக்கொண்டே போனது. ஸ்கூட்டரை எடுக்காமல் என் மனைவியும் நடந்தே பள்ளிக்குப் போய்வந்தார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் நோட்டில் குறிக்க எழுந்துபோனபோது, அம்மா கையில் உளுந்துப் படியோடு பின்கட்டில் நின்று, கிழக்குப் பக்கத்து மேகம் கலைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு, உளுந்தைப் பாத்திரத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்.